பெயர்த்தகடு இல்லாத பழைய ஸ்டார்ட்டருக்கு மாற்று தேடுவது எப்படி?

கனரக இயந்திரம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். தூத்துக்குடியில் பழைய இயந்திரங்களை ஏலத்தில் எடுத்துப் பழுதுநீக்கி, வாடகைக்கு விட்டு வருகிறோம். அப்படி எடுத்த அமெரிக்கத் தயாரிப்பு லாட்டிஸ் பூம் கிரேன் ஒன்றில் டெட்ராய்ட் டீசல் 6-71 எஞ்சின் உள்ளது. எஞ்சினைக் கம்பியால் நெம்பிச் சுற்றினால் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் ஸ்டார்ட் செய்ய முயன்றால் ‘டக்’ என்ற ஒலி மட்டுமே வருகிறது. செல்ஃப் மோட்டாரின் (ஸ்டார்ட்டரின்) மேலிருந்த பெயர்த்தகடு காணவில்லை. கிரேனைத் தயாரித்த நிறுவனம் அந்த மாடலை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், மாடல் பெயரைச் சொல்லி எங்கே கேட்டாலும் இல்லை என்ற பதிலே கிடைக்கிறது. வியாபாரி ஒருவர் 12 வோல்ட் லாரி ஸ்டார்ட்டர் ஒன்றைக் காட்டி, எல்லாம் ஒன்றுதான், பொருந்திவிடும் என்கிறார். விளக்குகள் 12 வோல்ட்தான். இரண்டு பேட்டரிகளிலிருந்தும் வரும் தடித்த கேபிள்கள், நான்கு பெரிய முனைகள் கொண்ட உருண்டையான சுவிட்ச் ஒன்றுக்குள் செல்கின்றன. அந்த ஸ்டார்ட்டரை வாங்கலாமா? அல்லது எஞ்சினையே மாற்றிவிடுவது நல்லதா?
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: எஞ்சினை மாற்ற வேண்டாம். அந்த ஸ்டார்ட்டரையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியில் நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த நான்கு முனைச் சுவிட்சே இந்தச் சிக்கலின் பாதி விடையாக இருக்கக்கூடும்.

பழைய அமெரிக்கக் கனரக இயந்திரங்கள் பலவற்றில் விளக்கு, சார்ஜிங், மீட்டர் எல்லாம் 12 வோல்ட்டில் இயங்க, ஸ்டார்ட்டர் மட்டும் 24 வோல்ட்டாக இருக்கும். இதற்காகச் சீரீஸ்-பேரலல் சுவிட்ச் என்ற ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். சாதாரண நேரத்தில் அது இரண்டு பேட்டரிகளையும் பக்க இணைப்பில் வைத்து 12 வோல்ட் தரும்; ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும் சில விநாடிகளுக்கு மட்டும் அவற்றைத் தொடர் இணைப்பாக மாற்றி 24 வோல்ட்டை ஸ்டார்ட்டருக்கு அனுப்பும். கடற்காற்று வீசும் ஊரில் பல ஆண்டுகள் நின்ற இயந்திரத்தில் இந்தச் சுவிட்சின் உள்தொடுமுனைகள் கரிந்தோ பச்சை பூத்தோ போயிருப்பது மிகவும் இயல்பு. அப்போது 24 வோல்ட் ஸ்டார்ட்டருக்கு 12 வோல்ட்டோ அதற்கும் குறைவாகவோ வந்து சேரும். ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்தச் சுவிட்சான சோலினாய்டு ஒருமுறை இழுத்துவிட்டு நின்றுவிடும். நீங்கள் கேட்கும் ‘டக்’ ஒலி இதுவாக இருக்கலாம். விளக்கு 12 வோல்ட் என்பதை வைத்து ஸ்டார்ட்டரும் 12 வோல்ட்தான் என்று முடிவு செய்வது, இந்த வகை இயந்திரங்களில் பலரைத் தவறான மோட்டார் வாங்க வைத்திருக்கிறது. படகுகளில் பயன்பட்ட எஞ்சின்களில் 32 வோல்ட் ஸ்டார்ட்டர்கள்கூட இருந்தன. துறைமுக ஏலத்தில் கிடைத்த பொருள் என்றால் அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே முதல் வேலை அளப்பது. ஒருவர் ஸ்டார்ட் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க, மற்றவர் ஸ்டார்ட்டரின் பெரிய முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரிகள் நன்றாக இருந்தும் அங்கே 12 வோல்ட்டுக்கு மேல் வரவில்லை என்றால், சுவிட்ச் தொடர் இணைப்பைத் தரவில்லை என்று பொருள். அல்லது அந்த ஸ்டார்ட்டர் உண்மையிலேயே 12 வோல்ட்டாக இருந்து, சுவிட்ச் யாரோ இடையில் செயலிழக்கச் செய்துவிட்ட மிச்சமாக இருக்கலாம். இரண்டில் எது என்பதை ஸ்டார்ட்டரைக் கழற்றி, உள்ளே நிலையாக இருக்கும் காந்தச் சுருள்களான பீல்டு காயில்களைப் பார்க்கும் அனுபவமுள்ள மின்பட்டறைக்காரர் சொல்லிவிடுவார். அளக்கும்போதே பேட்டரியின் நேர்முனைத் தூணுக்கும் ஸ்டார்ட்டர் முனைக்கும் இடையிலும், ஸ்டார்ட்டர் உடலுக்கும் எதிர்முனைத் தூணுக்கும் இடையிலும் எவ்வளவு வோல்ட் இழக்கப்படுகிறது என்று பார்த்துவிடுங்கள். ஒரு பக்கத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால், வழியில் உள்ள கேபிளையோ முனையையோ பெயின்ட் பூசிய எர்த் இடத்தையோ சரிசெய்யாமல் எந்தப் புது ஸ்டார்ட்டரைப் பொருத்தினாலும் அதே ‘டக்’தான் கேட்கும்.

இந்தச் சோதனைகளுக்குப் பிறகும் ஸ்டார்ட்டரே பழுது என்று உறுதியானால், தேடலைத் தொடங்கலாம். ஆனால் கிரேனின் பெயரைச் சொல்லித் தேடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஸ்டார்ட்டருக்கு அது எந்த இயந்திரத்தில் இருக்கிறது என்பது தெரியாது. அது அறிந்தது, தான் பொருந்தும் பிளைவீல் உறையையும், தன் பல் கோக்கும் பிளைவீலின் பல்வளையமான ரிங் கியரையும் மட்டுமே. கிரேன் நிறுவனம் மறைந்துபோனாலும் டெட்ராய்ட் டீசல் 71 வரிசை மறையவில்லை. 1938-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அறிமுகப்படுத்திய அந்த வரிசை பல பத்தாண்டுகள் லாரி, படகு, ஜெனரேட்டர், கிரேன், ராணுவ வாகனம் என்று உலகெங்கும் பரவியது. அதற்கான உதிரிகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் கேட்க வேண்டியது ‘இந்தக் கிரேனுக்கு ஸ்டார்ட்டர் இருக்கிறதா’ என்பதல்ல. ‘இந்த வோல்ட், இந்தச் சுழற்சி, இத்தனை பல், இந்தப் பல் அளவு, இந்த பிளாஞ்ச் (போல்ட் போடும் விளிம்பு) கொண்ட ஸ்டார்ட்டர் இருக்கிறதா’ என்பதுதான்.

71 வரிசையில் சுழற்சித் திசையைக் கட்டாயம் உறுதிசெய்ய வேண்டும். வேறு பெரும்பாலான எஞ்சின்களில் இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. முன்புறத்திலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றும் என்று எடுத்துக்கொள்கிறோம். டெட்ராய்ட் 71-ஐயோ, இரட்டை எஞ்சின் படகுகளுக்காகவும் வேறு தேவைகளுக்காகவும் இரு திசைகளிலும் சுழலும்படி தயாரித்தார்கள். ஒரே பிளாக்கை வலமாகவும் இடமாகவும் கோக்க முடிந்தது. எஞ்சினின் மாடல் குறியீட்டில் உள்ள ஆர் அல்லது எல் என்ற எழுத்து, முன்புறத்திலிருந்து பார்க்கும்போது வலச்சுழற்சியா இடச்சுழற்சியா என்பதைச் சொல்கிறது. அதோடு நின்றுவிடாமல் பழைய ஸ்டார்ட்டரையும் கேளுங்கள். அதைக் கழற்றி, பினியன் (ஸ்டார்ட்டர் முனையிலுள்ள சிறிய பல்சக்கரம்) உங்களை நோக்கி இருக்குமாறு பிடித்துக்கொண்டு, பினியனைக் கையால் இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் தடையில்லாமல் சுற்றும், மறு திசையில் ஆர்மேச்சரோடு (மோட்டாரின் சுழலும் பகுதி) சேர்ந்து இறுகும். தடையில்லாமல் சுற்றும் திசைதான் அந்த ஸ்டார்ட்டரின் ஓட்டத் திசை. எஞ்சின் பிடித்துக்கொண்டு பினியனை முந்தும்போது பினியனின் ஒருவழிக் கிளட்ச் விட்டுக்கொடுக்க வேண்டிய திசை அதுவே. பினியனில் 11 பல்லும் ரிங் கியரில் 118 பல்லும் இருந்தால் விகிதம் ஏறத்தாழ 10.7, எஞ்சின் 600 சுற்றில் நிதானமாக ஓடினாலே பினியன் 6,400 சுற்றில் பறக்கும். அந்த வேகம் ஆர்மேச்சருக்குப் போய்ச் சேராமல் காப்பது இந்தக் கிளட்ச்தான். ஆகவே தவறான திசை ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி, பீல்டு இணைப்பை மாற்றித் திசையைத் திருப்பிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். மோட்டார் திரும்பும், கிளட்ச் திரும்பாது.

அடுத்தது பல் அளவு. பல் எண்ணிக்கையை எண்ணிவிட்டு அத்தோடு திருப்தியடைபவர்கள் அதிகம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்க, பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களில் பல் அளவு டயமெட்ரல் பிட்ச் என்ற அங்குலக் கணக்கில் இருக்கும். ஐரோப்பிய, ஜப்பானிய எஞ்சின்களில் மாட்யூல் என்ற மில்லிமீட்டர்க் கணக்கில் இருக்கும். 8 டயமெட்ரல் பிட்ச் என்பது மாட்யூல் கணக்கில் 3.175. அதன் பக்கத்தில் மாட்யூல் 3 பினியனை வைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பல்லுக்குப் பல் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த அரை மில்லிமீட்டர், ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் ரிங் கியரைச் சிறிது சிறிதாக அரைத்து எடுத்துவிடும். பினியனை மட்டும் அளந்து இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் ஸ்டார்ட்டர் பினியன்களின் பல் வடிவத்தை வலிமைக்காகப் பெரும்பாலும் திருத்தியே வெட்டுவார்கள்; வெளிவிட்டக் கணக்கு ஏமாற்றிவிடும். ரிங் கியரை அளந்தால் பற்கள் அதிகமாக இருப்பதால் அந்தத் திருத்தத்தின் தாக்கம் கரைந்துபோகும். ரிங் கியரின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் மாட்யூல் கிடைக்கும். 118 பற்கள், வெளிவிட்டம் 506 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், 506-ஐ 120-ஆல் வகுத்தால் 4.22 வருகிறது. 6 டயமெட்ரல் பிட்ச் என்பது மாட்யூல் கணக்கில் 4.23, ஆகவே இது 6 பிட்ச் ரிங் கியர். மாட்யூல் 4 என்றால் விட்டம் 480 மி.மீ. அளவில்தான் இருந்திருக்கும். பிளைவீல் உறையின் சோதனை மூடியைத் திறந்து, சாக்பீஸால் குறியிட்டு எண்ணுவதற்கு அரை மணி நேரம் ஆகலாம். அதைச் செலவிடத் தயங்காதீர்கள்.

பினியனில் 11 பல் இருந்த இடத்தில், பல் அளவு ஒன்றுதானே என்று 12 பல் பினியனைப் பொருத்தவும் முடியாது. இந்தப் பல் அளவில் ஒரு பல் கூடினால் பினியனுக்கும் பிளைவீலுக்கும் இடையே இருக்க வேண்டிய மைய தூரம் 2 மி.மீ.க்கு மேல் கூடுகிறது. உறையில் வெட்டப்பட்ட துளை அந்தத் தூரத்தை விட்டுக்கொடுக்காது.

அந்தத் துளையின் விட்டத்தையும் வெர்னியரால் அளக்க வேண்டும். கனரக டீசல் எஞ்சின்களில் 89 மி.மீ. பொருத்துவட்டம் (துளைக்குள் நுழையும் வட்டப் பகுதியின் விட்டம்) கொண்ட ஸ்டார்ட்டர்களும் 92 மி.மீ. கொண்டவையும் பரவலாக உள்ளன. 89 மி.மீ. உடையது 92 மி.மீ. துளைக்குள் வசதியாக நுழைந்து, போல்ட்டும் இறுகிவிடும். ஆனால் ஒன்றரை மி.மீ. மையம் விலகி நிற்கும். நுழைந்தது என்பதற்காகப் பொருந்தியது என்று நினைக்கக் கூடாது. போல்ட்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பழைய அமெரிக்க எஞ்சினில் இருப்பது 5/8 அங்குல மரை. கையில் கிடைப்பது எம்-16. தடிமன் ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும் மரை வேறு. கட்டாயப்படுத்தி முறுக்கினால் உறையின் மரை போய்விடும்.

இத்தனையும் கையில் இருந்தால் தேடல் எளிதாகிறது. 71 வரிசையில் பரவலாக இருந்தது டெல்கோ ரெமி நிறுவனத்தின் 40எம்டி வகை ஸ்டார்ட்டர். அதன் இடத்தில் பின்னாளில் 42எம்டி வந்தது. அதற்குப் பிறகு உள்ளே கியர் குறைப்பு கொண்ட, எடை மிகவும் குறைந்த 39எம்டி வந்தது. கியர் குறைப்பு வகையில் சிறிய மோட்டார் வேகமாகச் சுற்றி, கோள் கியர்கள் மூலம் அந்த வேகத்தைத் திருகுவிசையாக மாற்றிக்கொள்கிறது; அதனால் மின்னோட்டம் குறைவாக இழுத்து நன்றாகவே சுற்றும். இவற்றின் மூக்குப் பகுதியைக் கழற்றி வேறு கோணத்தில் திருப்பிப் பொருத்த முடியும் என்பது இன்னொரு வசதி: சோலினாய்டு எஞ்சின் பிளாக்கில் இடிக்கிறது என்பதால் மட்டும் ஒரு ஸ்டார்ட்டரை ஒதுக்க வேண்டியதில்லை. உங்கள் வியாபாரி காட்டிய லாரி ஸ்டார்ட்டரே இந்த வகையாக இருந்தால், திசையும் பல்லும் பொருத்துவட்டமும் ஒத்துப்போனால், அதை வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. 12 வோல்ட் என்பதும் குறையாகாது; புதிதாக வாங்குவதானால் உங்கள் கிரேனுக்கு 12 வோல்ட்டையே நான் பரிந்துரைப்பேன். அந்த நான்கு முனைச் சுவிட்சை முழுவதும் நீக்கிவிட்டு இரண்டு பேட்டரிகளையும் நிரந்தரமாகப் பக்க இணைப்பில் வைத்துக்கொள்ளலாம். சார்ஜிங்கும் விளக்கும் உள்ளபடியே இருக்கும். தூத்துக்குடி வெயிலில் 6-71-ஐச் சுற்ற, பருமனான கேபிளும் நல்ல பேட்டரியும் இருந்தால் 12 வோல்ட் போதும். அதே திறனுக்கு மின்னோட்டம் இரு மடங்காகும் என்பதால் பழைய கேபிளையே வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் வாங்குவதற்கு முன் பழைய ஸ்டார்ட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். வழக்கொழிந்த இயந்திரத்துக்கு மிகச் சரியாகப் பொருந்தும் ஸ்டார்ட்டர் அதன் மேல் ஏற்கெனவே இருப்பதுதான். இந்த அளவு மோட்டாரில் மெல்லிய கம்பிச் சுற்று இல்லை. பீல்டு காயில் தடித்த செப்புப் பட்டையால் ஆனது, ஆர்மேச்சரும் செப்புச் சட்டங்களால் ஆனது. செம்பு எரிந்துபோவது அரிது; மேலே சுற்றிய துணி நாடாதான் கருகும். நாடாவைப் பிரித்து, சுத்தம் செய்து, புதிதாகச் சுற்றி, வார்னிஷில் தோய்த்துச் சூளையில் உலர்த்தினால் பீல்டு மீண்டும் புதிதாகிவிடும். நீண்ட நேரம் ஓட்டியதால் சூடேறிய ஆர்மேச்சரில், சட்டங்களை, பிரஷ் உரசும் செப்பு உருளையான கம்யூட்டேட்டரோடு இணைக்கும் ஈயப்பற்று உருகி வெளியே தெறித்திருக்கும். உறையின் உட்புறத்தில் வட்டமாகத் துளித்துளியாய் ஒட்டியிருக்கும் ஈயமே அதற்குச் சான்று. அதை மீண்டும் பற்றவைத்து, கம்யூட்டேட்டரை லேத்தில் கடைந்து, புஷ்களை (தண்டைத் தாங்கும் உலோக வளையங்களை) மாற்றி, கார்பன் பிரஷ் போட்டால் பெரும்பாலான ஸ்டார்ட்டர்கள் எழுந்துவிடும். புஷ் தேய்ந்து, ஆர்மேச்சர் துருவங்களின் மேல் உரசிய தடம் பளபளவென்று தெரிந்தால், ‘டக்’ ஒலிக்கு அதுவே முழுக் காரணமாகவும் இருக்கலாம். கிளட்ச், சோலினாய்டு ஆகியவை மட்டுமே வெளியிலிருந்து வாங்க வேண்டியவை. 40எம்டி வகைக்கு அவை தனித்தனியாகவே கிடைக்கின்றன. அப்படிப் புதுப்பித்த ஸ்டார்ட்டர் 24 வோல்ட் என்று தெரிந்தால் அதை 24-இலேயே விட்டுவிட்டு, சுவிட்சை மட்டும் சரிசெய்யுங்கள். வருங்காலத்தில் அந்தச் சுவிட்ச் கிடைக்காமல் போனால், சார்ஜிங்கையும் 24 வோல்ட்டாக்கி, விளக்குகளுக்கு மட்டும் 24-லிருந்து 12 ஆகக் குறைக்கும் கருவி ஒன்றைப் பொருத்திவிடலாம்.

தேடிச் செல்வதானால் சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடைகள், கொல்கத்தாவில் மல்லிக் பஜார், டெல்லியில் மாயாபுரி ஆகியவை நீங்கள் கேள்விப்பட்ட இடங்களாகவே இருக்கும். உங்கள் ஊரிலேயே படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர்களை முதலில் கேளுங்கள். 71 வரிசை படகுகளில் நிறைய ஓடியது. எங்கே சென்றாலும் பழைய ஸ்டார்ட்டரையே கையோடு எடுத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் மூக்குப்பகுதியையும் பினியனையும் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். கடையில் பேட்டரி வைத்து வெறுமனே சுற்றிக் காட்டுவதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சுமையில்லாமல் சுற்றாத ஸ்டார்ட்டர் அரிது.

பொருத்தும்போது ஒரே ஓர் அளவு முக்கியம். ஓய்வில் இருக்கும் பினியனின் முகத்துக்கும் ரிங் கியரின் முகத்துக்கும் இடையே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். குறைந்தால் ஓடும் எஞ்சினில் பல் உரசும். கூடினால் பினியன் பாதிப் பல்லில் மட்டும் பிடிக்கும். பிளாஞ்ச் ஒத்துவராமல் லேத் பட்டறையில் இடைத்தட்டு செய்ய நேர்ந்தால், அந்தத் தட்டின் தடிமன் இந்த இடைவெளியோடு கூடும் என்பதைக் கணக்கில் எடுத்தே செய்யச் சொல்ல வேண்டும். பல்லில் நீலமை தடவி, ஒருமுறை மின்சாரமில்லாமல் கையால் பினியனைத் தள்ளிப் பிடிக்க வைத்துப் பார்த்தால், தடம் பல்லின் அகலம் முழுவதும் பதிகிறதா என்று தெரிந்துவிடும். பல ஆண்டுகள் நின்ற 71 எஞ்சின் என்பதால், முதல் முறை சுற்றுவதற்கு முன் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் இன்ஜெக்டர் ராக் தடையில்லாமல் நகர்கிறதா, அவசரக் காற்றடைப்பு மூடி வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். எரிபொருள் திறந்த நிலையில் ராக் இறுகியிருந்தால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடும். சுற்றும்போது ஒரு தடவைக்கு 30 விநாடிக்கு மேல் வேண்டாம். இடையே இரண்டு நிமிடமாவது ஆறவிடுங்கள். ஈயம் தெறிப்பது இந்த விதியை மீறுவதால்தான்.

கேள்வி: எங்களிடம் உள்ள கேட்டர்பில்லர் டி-7 புல்டோசர் மிகவும் பழையது. பெட்ரோலில் ஓடும் சிறிய எஞ்சினை முதலில் ஓட்டி, அதைக் கொண்டுதான் பெரிய எஞ்சினை எழுப்ப வேண்டும். சிறிய எஞ்சின் தகராறு செய்கிறது. அதைக் கழற்றிவிட்டு மின்சார ஸ்டார்ட்டர் போட்டுவிடலாமா?
(சேலம் மாவட்ட வாசகர்)

பதில்: போட முடியும். அதற்கென்றே மாற்றுத் தொகுப்புகள் வந்துள்ளன. ஆயினும் முதலில் அந்தச் சிறிய எஞ்சினைச் சரிசெய்யப் பாருங்கள் என்றே சொல்வேன். ‘போனி’ எனப்படும் அந்த இரண்டு சிலிண்டர் எஞ்சின், பெரிய எஞ்சினைச் சுற்றுவது மட்டுமல்ல; இரண்டுக்கும் குளிர்நீர் பொதுவாக இருப்பதால் பெரிய எஞ்சினை வெதுவெதுப்பாக்குகிறது, தன் புகையின் சூட்டால் உள்ளே போகும் காற்றையும் சூடாக்குகிறது. பேட்டரியைப் போல இரண்டு மூன்று முயற்சியில் அது களைத்துப்போவதில்லை. பெட்ரோல் இருக்கும்வரை பெரிய எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்குள் எண்ணெய் அழுத்தமும் ஏறிவிடும். அதன் தகராறு பெரும்பாலும் மேக்னட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி), கார்புரேட்டர், அடைத்துப்போன பெட்ரோல் தொட்டி ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றுமே ஊரில் சரிசெய்யக்கூடியவை.

பிளாக் வெடித்தோ கிராங்க் உடைந்தோ போயிருந்தால் மட்டும் மின்சார ஸ்டார்ட்டருக்கு மாறுங்கள். அப்போது ஒன்றை மறக்கக் கூடாது: அந்தக் கால டி-வரிசை எஞ்சின்கள் முன்அறை எரிப்பு முறை கொண்டவை, நேரடியாக மின்சாரத்தில் எழுப்புவதற்காக வந்த எஞ்சின்களில் அந்த அறைகளைச் சூடாக்கும் குளோ பிளக் இருக்கும், போனி வைத்தவற்றில் இருக்காது. சேலத்துக் கோடையில் இது பெரிய தடையாக இராது. ஏற்காட்டு மலையில் மார்கழி விடியலில் வேலை செய்ய வேண்டும் என்றால் நீங்கள் போனியைத் தேடித் திரும்ப வருவீர்கள்.

கேள்வி: எங்கள் பொக்லைனுக்கு 24 வோல்ட் ஸ்டார்ட்டர் கிடைக்கவில்லை. அதே அளவில் 12 வோல்ட் ஸ்டார்ட்டர் இருக்கிறது. சில விநாடி மட்டும்தானே ஓடுகிறது, 24 வோல்ட்டில் அதையே போடலாமா?
(பெரம்பலூர் வாசகர்)

பதில்: வேண்டாம். மோட்டார் சில காலம் தாங்கினாலும் பினியன் மிகுந்த வேகத்தில் போய் ரிங் கியரை இடிக்கும். கிளட்ச் உடையும், சோலினாய்டு காயில் கருகும். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பதும் தவறு. அந்த ஒரு பேட்டரி எப்போதும் காலியாகவும் மற்றது எப்போதும் மிகையாகச் சார்ஜ் ஆகியும், இரண்டுமே விரைவில் கெடும். அதே மோட்டார் குடும்பத்தில் 24 வோல்ட் பீல்டு, ஆர்மேச்சர், சோலினாய்டு ஆகியவை கிடைத்தால், உங்களிடம் உள்ள உறையிலேயே அவற்றைக் கோத்து மாற்றிக்கொள்ளலாம், அதுவே நேர்வழி. மாற்றிய பிறகு சோலினாய்டுக்கான மின்சாரத்தைச் சாவிச் சுவிட்ச் வழியே நேராகக் கொண்டுபோகாமல், இடையில் ஒரு கனமான ரிலே வைத்துவிடுங்கள். பழைய இயந்திரங்களின் சாவிக் கம்பி அந்தச் சுமையைத் தாங்குவதில்லை.

கேள்வி: ஆறு சிலிண்டர் எஞ்சின். புது ஸ்டார்ட்டர் போட்டும் சில நேரம் கரகரவென்று அரைக்கிறது, சில நேரம் ஒழுங்காகப் பிடிக்கிறது. ஸ்டார்ட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
(ஈரோடு வாசகர்)

பதில்: ஸ்டார்ட்டரைக் குறை சொல்வதற்கு முன் ரிங் கியரைப் பாருங்கள். நான்கு அசைவு (ஃபோர் ஸ்ட்ரோக்) ஆறு சிலிண்டர் எஞ்சின், அமுக்கத்தின் எதிர்ப்பால் எப்போதும் பிளைவீலின் மூன்று இடங்களில் ஒன்றில்தான் வந்து நிற்கும்; நான்கு சிலிண்டர் என்றால் இரண்டு இடங்கள். ஆண்டுக்கணக்கில் பினியன் வந்து பிடிப்பது அந்த இடங்களில் மட்டுமே என்பதால் அங்கே மட்டும் பல் முகம் மழுங்கும். ‘சில நேரம் அரைக்கிறது, சில நேரம் பிடிக்கிறது’ என்பது பெரும்பாலும் இதன் அடையாளம்தான். எஞ்சினைக் கம்பியால் முழுச் சுற்றும் சுற்றியபடி பற்களை விளக்கு வைத்துப் பாருங்கள்.

ரிங் கியர் பிளைவீலின் மேல் சூடேற்றி இறுக்கிப் பொருத்தப்பட்டது. கிடைக்காத அளவு என்றால், சூடேற்றிக் கழற்றி 60 பாகை திருப்பிப் பொருத்தினால் தேயாத பற்கள் பினியன் பிடிக்கும் இடத்துக்கு வந்துவிடும். இருபக்கமும் பல் முனை சரிவாக வெட்டப்பட்டிருந்தால் பின்பக்கத்தை முன்பக்கமாக்கியும் பொருத்தலாம். சூடேற்றும்போது ஓரிடத்தில் மட்டும் வெல்டிங் தீயைக் காட்டாமல், வளையம் முழுவதும் ஒரே சீராக 200 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றச் சொல்லுங்கள். நீலம் பாயும் அளவுக்குச் சூடேறினால் பல்லின் கடினம் போய்விடும். கியர் பொருத்திய பிறகு அதே ஸ்டார்ட்டரை மீண்டும் போட்டு, பினியன் பற்களின் முனையையும் பாருங்கள். மழுங்கிய ரிங் கியரோடு சில நாள் ஓடிய பினியன் தானும் மழுங்கியிருந்தால், அதையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும்.